அக்கா இல்லாத வம்சாவளி

போன வாரம் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை, மகளின்ரை கலியாணப் படங்கள் பார்த்தனாங்கள். நல்ல வடிவு. ஆனா மேடையிலை உங்கடை பெரியவரைக் காணேல்லையே... சுகமில்லையோ?"

கேட்டவர் இந்தப் பத்தியின் நீண்ட நாள் வாசகர். கேள்வியில் அக்கறை கால்வாசி. மிச்சம் முக்கால்வாசி என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"சுகமாய்த்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, பொறுக்கியதையும் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நாலாவது ஆள் கேட்க முன்னம் நானே எழுதிவிடுகிறேன். எழுதினால் அந்தப் பெரியவர், என் அண்ணை, கோபிப்பார். கோபிக்கட்டும்... ஏற்கெனவே கோபத்தில்தான் இருக்கிறார்.

கதை ஓர் ஈமெயிலில் தொடங்கியது.

என் மகள் தாரணி ஹம்பேர்க்கில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்குப் பிடித்துப்போனவன் ஓர் ஐரிஷ் பொடியன். பெயர் கீரன். "கீரனோ? சங்ககாலப் பேரெல்லே!" என்று அண்ணை அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொடியனின் குலம் என்ன, கோத்திரம் என்ன, தகப்பன்வழி என்ன, தாய்வழி என்ன — ஒரு விசாரணையும் இல்லை. மாப்பிள்ளை வெள்ளைக்காரன் என்றால் எங்கள் ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் தள்ளுபடி உண்டு. கவனித்திருப்பீர்கள்.

கீரனின் தகப்பன் பெயர் மார்ட்டின். மேற்கு அயர்லாந்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷர் தோட்டம் வைப்பார்கள், மீன் பிடிப்பார்கள். இவர் தன் பங்கின் வரலாற்றை எழுதினார்.

பங்கு என்றால் — கத்தோலிக்க வாசகர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் — ஒரு தேவாலயம், அதைச் சுற்றி ஏழெட்டுக் குக்கிராமம். நமக்கு ஊர் எப்படியோ, அவர்களுக்குப் பங்கு அப்படி. அந்தச் சின்ன இடத்துக்கு மார்ட்டின் எழுதிய புத்தகம் தலையணைத் தடிப்பு. எந்த வீட்டில் எந்தக் குடும்பம் இருந்தது, யார் யாரைக் கட்டினார், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் எந்தக் கூரை வெறுமையானது, யார் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்... ஒன்றும் விடவில்லை. வயல்களுக்குக்கூடப் பெயர் போட்டு எழுதியிருக்கிறார். 'குதிரை விழுந்த வயல்', 'விதவையின் மூலை' என்று. நம் காணி உறுதிகளிலும் வளவுக்கு வளவு பெயர் இருக்கும்தானே? படித்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது.

பிறகு இன்னும் கொஞ்சப் பக்கம் புரட்டினேன். அந்தப் பங்கில் பிறந்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு பழைய அரசனின் வழித்தோன்றல்களாம். மற்றப் பாதி அவனுடைய தளபதிகளின் வழியாம். சதுப்பு நிலத்தில் மழைக்குள் மாடு மேய்த்தவன் ஒருத்தனுக்கும் பிள்ளை பிறக்கவே இல்லையா?

அந்த மார்ட்டின்தான் ஈமெயில் போட்டார். "என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பைத் தயாரிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் மணம் முடிக்கும் குடும்பங்களின் வம்சாவளியையும் சேர்க்க விருப்பம். உங்களுடையதைத் தர முடியுமா?"

நான் அதை அண்ணைக்கு ஃபார்வர்ட் பண்ணினேன். யோசிக்காமல் செய்த வேலை.

அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் திருகாணித் தொழிற்சாலையில் நின்று உழைத்தவர். அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஊர்ச் சங்கத் தலைவராகிவிட்டார். அதற்கு வணங்க ஏலாது. ஊர் வரலாறு என்றால் ஜெர்மனி முழுக்க அவரைத்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஈமெயில் கிடைத்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். டொரொன்டோவுக்கு ஒரு போன் கோல், லண்டனுக்கு ஒரு கோல், ஊருக்கு நாலு கோல். இரண்டு மாதம். முடிவில் எங்கள் பூட்டன், வெள்ளைக்காரன் காலத்து ஊரதிகாரியான உடையாராகிவிட்டார்.

எனக்குத் தெரிந்த பூட்டன் புகையிலைக் கன்று நட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி விற்றவர். பக்கத்து வளவுக்காரனோடு வேலிச் சண்டை போட்டு, ஒரு முழத் துண்டு நிலத்துக்காக ஆயுள் முழுக்க வழக்காடியவர். அண்ணையின் வரலாற்றில் அது எப்படி வந்தது தெரியுமா? 'நீதித்துறையோடு நெருங்கிய தொடர்புடையவர்.'

சரி, இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். செத்த பூட்டன் உடையாரானால் யாருக்கு என்ன நட்டம்?

மார்ட்டினும் அவர் மனைவி நோராவும் கல்யாணத்துக்காக ஜெர்மனிக்கு வந்தார்கள். ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இருவரும் அவர்களை ஹம்பேர்க்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு. தாரணி மட்டும் தாய்க்கு உதவி செய்ய முதல் நாளே வந்துவிட்டாள். சனி காலை அண்ணை கோட்டு சூட்டோடு வந்தார். கக்கத்தில் ஒரு நீளக் குழாய். கொப்பி ஷொப்பில் கலரில் அடித்த வம்சாவளி. மேசையில் விரித்தால் இரண்டு முனையும் தொங்குகிறது. ஐந்தடி!

தாரணி குனிந்து வாசித்தாள். மேலே உடையார். கீழே அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதற்குக் கீழே எங்கள் அப்பா அம்மா. அவர்களுக்குக் கீழே இரண்டு பெட்டி. ஒன்று அண்ணை, ஒன்று நான்.

"பெரியப்பா, மாமி எங்கை?"

அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இடம் காணாது பிள்ளை."

ஐந்தடிக் கடதாசியில் இடம் காணாது!

மாமி என்று அவள் கேட்டது என் அக்காவை. பவளம் அக்கா. அண்ணைக்கு இளையவர், எனக்கு மூத்தவர். நாங்கள் இருக்கும் இதே பீலெஃபெல்ட் நகரத்தில், எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் பதினொரு நிமிடத்தில் இருக்கிறார். அவர் செய்த குற்றம், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த ஒருவரை விரும்பிக் கட்டியது. அவர் 'எங்கடை ஆக்கள் இல்லை'. இந்த மூன்று சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் விளக்கம் சொன்னது கிடையாது. சொல்லவும் தேவையில்லை. வாசிக்கிற உங்களுக்கும் விளங்கிவிட்டதே!

ஜெர்மனிக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் அக்காவும் அத்தானும்தான். பிறகு அண்ணையும் நானும் அடுத்தடுத்து வந்து இறங்கினோம். அகதி முகாமில் இடம் கிடைக்கும்வரை எங்களுக்குக் கூரை தந்தது அக்காவின் ஒற்றை அறை. அண்ணைக்குக் கட்டில், எனக்கு மேசைக்கு அடியில் இடம். அக்காவும் அத்தானும் குசினி வாசலில் படுத்தார்கள். அத்தான் விடியப்புறம் பேக்கரி வேலைக்குப் போய் வரும்போது மிஞ்சிய பாண் கொண்டுவருவார். அண்ணை அதைச் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

பிறகு அண்ணைக்கு ஊரில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் விசாரித்தார்கள். அன்றிலிருந்து அண்ணைக்குத் தங்கச்சி இல்லை.

நான்? நான் நல்லவன். ஒளித்து ஒளித்துப் போய் வந்தேன். நானும் மனைவியும் ஷிஃப்ட் வேலை செய்த காலத்தில் தாரணியைப் பார்த்து வளர்த்தது அக்காதான். அதை ஊர்க் கூட்டங்களில் நான் சொல்லிக்கொண்டதில்லை.

"அப்பா?" என்று தாரணி என்னைப் பார்த்தாள்.

"இப்ப விடு பிள்ளை. ஆக்கள் வரப்போயினம்" என்றேன்.

ஆக்கள் வந்தார்கள். மார்ட்டின் நெட்டை மனுஷர், கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும். நோரா குள்ளம், கூர்மையான கண். கீரன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான், தாரணி பழக்கியபடி.

சாப்பாட்டுக்கு முன்னமே அண்ணை குழாயைத் திறந்துவிட்டார். மார்ட்டினின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! பிறந்த இடத்திலேயே பிரிந்துபோன இரட்டையர் சந்தித்ததுபோல இருந்தது. இவருடைய ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் விளங்கும். அவருடைய ஆங்கிலம் இவருக்கு அதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் கடதாசிக்கு மேல் கவிழ்ந்துகொண்டார்கள். 'உடையார்' என்றால் என்ன என்று மார்ட்டின் கேட்க, அண்ணை "கிங்... ஸ்மால் கிங்" என்றார். மார்ட்டின் மரியாதையோடு எழுதிக்கொண்டார். அவரிடமும் இருக்கிறதுதானே ஒரு கிங்!

பென்சில் கீழே கீழே இறங்கி எங்கள் தலைமுறைக்கு வந்தது. மார்ட்டின் அண்ணையின் வயதைப் பார்த்தார். என் வயதைப் பார்த்தார். ஆசிரியர் அல்லவா, கணக்குச் செய்தார்.

"உங்கள் இருவருக்கும் நடுவில் எட்டு வருடம். எங்கள் பங்கில் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் நடுவில் ஒரு பிள்ளை பிறந்திருக்கும். அப்படி யாராவது...?"

மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் கேட்டார். அண்ணைக்கு அந்த ஆங்கிலம் மட்டும் எப்படியோ விளங்கிவிட்டது.

"யெஸ்" என்றார். "ஸிஸ்டர். ஸ்மால் பேபி. டெட்."

மார்ட்டின் தலை குனிந்து, "வருந்துகிறேன்" என்று சொல்லி, நோட்டில் எழுதினார்.

குசினியில் என் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது. நான் மேசைவிரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் நாக்கு இருந்தது. பற்கள் எல்லாம் இருந்தன. ஒரு சொல்லும் வரவில்லை.

தாரணிக்கு வந்தது. ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள்.

"அழியுங்கள் மார்ட்டின். என் மாமி சாகவில்லை. ட்ராமில் பதினொரு நிமிடம். என்னை வளர்த்தவர் அவர்தான். அவர் கட்டியவரின் சாதி பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதுதான் அந்த எட்டு வருடத்துக்குள் இருக்கிறது."

"பிள்ளை என்ன சொல்லுறாள்?" என்று அண்ணை என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மார்ட்டினின் பென்சில் அந்தரத்தில் நின்றது. அழிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அப்போது நோரா பேசினார். வந்ததிலிருந்து அவர் பெரிதாக ஒன்றும் பேசியிருக்கவில்லை.

"பென்சிலைக் கீழே வை மார்ட்டின். பிரிடியைப் பற்றி இவர்களுக்குச் சொல்லு."

"இப்போது வேண்டாம் நோரா."

"எப்போதும் இப்போது வேண்டாம்தான்" என்று சொல்லிவிட்டு நோராவே சொன்னார். தாரணி எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது.

பிரிடி மார்ட்டினின் தகப்பனுக்குத் தங்கை. அந்தத் தலையணைப் புத்தகத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி: 'பிரிட்ஜெட், இளவயதில் இங்கிலாந்து சென்றார். மேலதிக விவரம் இல்லை.' உண்மையில் பிரிடி இங்கிலாந்தைக் கண்ணாலும் காணவில்லை. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானார். குடும்பம் அவரைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டது. ஒரு மணி நேரத் தூரம். பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிரிடி அங்கேயே துணி துவைத்துக்கொண்டு இருந்து, அங்கேயே செத்துப்போனார். மார்ட்டினுக்கு எல்லாம் தெரியும். அவர் தகப்பன் சாகும்போது சொல்லி, வெளியே விடாதே என்று சத்தியமும் வாங்கியிருந்தார்.

இதுவரைக்கும்கூட விடுங்கள். பழைய காலம், தகப்பனின் சத்தியம் என்று சொல்லலாம்.

"மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பெண் வந்தாள்" என்றார் நோரா. "என்னைவிட மூத்தவள். 'என் தாய் இந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். வரலாறு எழுதுகிறவர் நீங்கள்தானாம். உதவ முடியுமா?' என்று கேட்டாள். மார்ட்டின் அவளை இருத்தித் தேநீர் கொடுத்தார். 'ஒன்றும் தெரியாது' என்றார். போகும்போது புத்தகத்தில் ஒரு பிரதி கொடுத்தார். அதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்."

கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்!

கீரன் தகப்பனைப் பார்த்தான். "சிவப்புக் காரில் வந்தவரா? அவர் உங்கள் மச்சாளா அப்பா?" அவனுக்கும் இது புதுச் செய்தி.

மார்ட்டினின் காது சிவந்தது. "என் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்" என்றார். சின்னக் குரலில்.

இந்த இடத்தில் எங்கள் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஓர் ஆறுதல்.

"பார்த்தியளே... உது எல்லா இடத்திலையும் உள்ளதுதானே" என்றார்.

ஓம் அண்ணை. எல்லா இடத்திலும் உள்ளதுதான். கொசுகூட எல்லா இடத்திலும் உள்ளதுதான். அதற்காக மடியில் வைத்துக் கொஞ்சுகிறோமா? ஓர் அயோக்கியத்தனத்தை இரண்டு நாடு செய்தால் அது பண்பாடு ஆகிவிடுமா?

நல்ல வசனம், இல்லையா? அன்றைக்கு நான் சொல்லவில்லை. இப்போது, ஆறுதலாக எழுதும்போது, தோன்றுகிறது.

தாரணி எழுந்து ஜாக்கெட்டை எடுத்தாள். "நான் மாமி வீட்டை போறன்."

"நானும் வருகிறேன்" என்றார் நோரா. "செத்துப்போன பெண்ணொருவர் எப்படித் தேநீர் போடுகிறார் என்று பார்க்க வேண்டும்."

நான் எழுந்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். குசினி வாசலில் என் மனைவி நின்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குள் உட்கார்ந்திருக்க ஏலாது.

அக்கா கதவைத் திறந்தபோது கையில் மாவு. பின்னால் அத்தான், மூக்கில் கண்ணாடி, கையில் ரேடியோவின் உள்வயிறு. நோராவைக் கண்டதும் இரண்டு பேரும் பரபரத்துக் கதிரையைத் துடைத்தார்கள்.

எப்படித் தொடங்குவது? "அக்கா... அண்ணை ஒரு வம்சாவளி செய்து கொண்டுவந்தவர்... அதிலை உங்களை..."

"செத்துப்போனன் எண்டு சொல்லிப்போட்டாரோ?"

அக்கா சிரித்தார். "எனக்கு உது புதுசில்லைத் தம்பி. அவற்றை கலியாணத்துக்குப் பெண் வீட்டார் கேட்டதுக்கும் இதைத்தான் சொன்னவர். இது ரெண்டாந்தரம்."

அத்தான் அதிகம் பேசாத மனுஷர். ரேடியோவை மேசையில் வைத்தார்.

"தம்பி, உங்கடை அண்ணைக்கு அசூல் அன்ட்ராக், அகதி விண்ணப்பம், நிரப்பிக் குடுத்தது நான். 'ஜெர்மனியில் உள்ள உறவினர்' எண்டு ஒரு கட்டம். அதிலை ஆற்றை பேரைப் போடுறது எண்டு கேட்டன். 'பவளம், சொந்தத் தங்கச்சி எண்டு வடிவாப் போடுங்கோ அத்தான்' எண்டவர். அண்டைக்கு மட்டும்தான் என்னை அவர் அத்தான் எண்டு கூப்பிட்டவர்."

"ஜெர்மன்காரன்ரை ஃபைலிலை நான் இருக்கிறன்" என்றார் அக்கா. "அது போதும்."

மூத்தவர் ஒருவர், தங்கை புருஷனை அத்தான் என்று கூப்பிடுவாரா? கூப்பிட மாட்டார். முறையே பிழை. ஆனால் பேப்பர் வேண்டுமென்றால் எங்கள் ஆட்களுக்கு எந்த முறையும் வாயில் வரும்.

தாரணி அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மாமி, உங்கடை பேரை நாங்கள் போடுவிப்பம். மார்ட்டின் எழுதுவார். எழுதாட்டி நான் விடமாட்டன்."

"மாமான்ரை பேரையும் போடுவியளோ?"

"ஓம்."

"மாமான்ரை அப்பா அம்மான்ரை பேர்? அவை என்ன தொழில் செய்தவை எண்டும்?"

"ஓம் மாமி, எல்லாம்."

அக்கா கையில் ஒட்டிய மாவைத் தட்டினார். "வேண்டாம் பிள்ளை. மேலை ஒரு உடையார் நிக்கிறார், கீழை நான் நிக்கோணுமோ? அந்தக் கடதாசியிலை ஏறுறதுக்கு நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்தார். ஒரு கல்யாணக் கார்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதைத்தான் கேக்கோணும் எண்டு இருந்தனான். தபாலிலை வந்தது. இதிலை கோயில் நேரம் இல்லை. பின்னேர ரிசப்ஷன் மட்டும்தான் கிடக்கு. அச்சுப் பிழையோ தம்பி?"

தாரணி கார்டை எடுத்துப் பார்த்தாள். அவள் தெரிவு செய்த கார்டு அல்ல அது. அதே நிறம், அதே பிள்ளையார், உள்ளே ஒரு பக்கம் குறைவு.

இரண்டு விதமாக அடிப்பித்தது நான். அண்ணை சொன்னார். "கோயிலுக்கு அவை வந்தா நான் வரமாட்டன்" என்றார். சண்டை வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். மகளுக்குத் தெரியாமல் அச்சகத்தில் தனியாகச் சொல்லி, ஒரே ஒரு வீட்டுக்காகச் சில கார்டுகள்...

அண்ணை கடதாசியிலிருந்துதான் அக்காவை வெட்டினார். நான் என் மகளின் மணவறையிலிருந்தே வெட்டினேன். அதுவும் கலரில்.

"அப்பா" என்றாள் தாரணி. கார்டை மூடி என் கையில் வைத்தாள்.

நோராவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவை இருக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கு இன்னொரு மார்ட்டின் அகப்பட்டுவிட்டான்.

நல்லவேளை, நோராவையும் அக்கா விடவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி பிரிடியின் கதை முழுவதையும் தாரணி மூலம் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"பிரிடியின்ரை பிள்ளை போகேக்கை அட்ரஸ் ஏதும் குடுத்தவவோ?"

டெலிபோன் நம்பர் எழுதிய துண்டு ஒன்றைக் கொடுத்தாராம். மார்ட்டின் அதைக் குப்பையில் போட, நோரா எடுத்து வைத்திருக்கிறாராம். மூன்று வருடமாக.

"அப்ப நீங்கள் ஏன் எடுத்துக் கதைக்கேல்லை?"

தாரணி தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நோரா கோப்பையை வைத்தார். கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை வெளியே எடுத்தார். அந்தக் கேள்வியை அக்கா என்னிடமும் கேட்டிருக்கலாம்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது இரண்டு வரலாற்றாசிரியர்களும் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். கீரன் பால்கனியில் தனியே நின்றான். என் மனைவி சொன்னது: முதல் பத்து நிமிடம்தான் மௌனமாம். பிறகு அண்ணை மெல்ல உடையாரைச் சுட்டிக்காட்ட, மார்ட்டின் தன் அரசனைச் சுட்டிக்காட்ட, பழையபடி கலகலப்பாகிவிட்டதாம்.

நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் வாய் மூடிவிடும் என்று தெரியும்.

"அண்ணை, அக்காவும் அத்தானும் கோயிலுக்கு வருகினம். மேடையிலை நிப்பினம்."

அண்ணை கோப்பையை வைத்தார். "அப்ப நான் வரேல்லை."

"சரி அண்ணை."

அவர் காத்திருந்தார். நான் கெஞ்ச வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், 'அப்பா இருந்திருந்தா' என்று சொல்ல வேண்டும். முப்பது வருடமாக அப்படித்தானே நடந்தது? நான் கடதாசியைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக் கையில் கொடுத்தேன். அவர் போய்விட்டார். நான் சொன்னது இரண்டே இரண்டு சொல். இதற்கா இத்தனை வருடம்?

அடுத்த நாள் கோயில் நேரம் போட்ட கார்டோடு ட்ராம் ஏறினேன். அக்கா வாங்கினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன். "வாறம். தாரணிக்காக" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கல்யாணத்தன்று தாலித் தட்டைச் சபையில் ஆசிக்குக் கொண்டுபோனது அக்கா. கருநீலக் காஞ்சிபுரம். பக்கத்தில் அத்தான், புது வேட்டியோடு. ஊர்ச் சங்கத்து வரிசையில் தட்டைத் தொடத் தயங்கிய கைகள் மூன்றோ நாலோ. அக்கா அவசரப்படவில்லை. அந்தக் கைகளுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். தொட்டார்கள். சபை பார்க்கிறதே, தொடாமல் என்ன செய்வது!

அண்ணை கோயிலுக்கு வரவில்லை. பின்னேரம் ரிசப்ஷனுக்கு மட்டும் வந்தார். மார்ட்டினோடு படம் எடுத்துக்கொண்டார், இரண்டு தட்டு சாப்பிட்டார், போனார். தமிழ்க் கடையில் கேட்ட வாசகருக்கு இதுதான் பதில்.

மார்ட்டின் பிரிடியின் வரியைத் திருத்துகிறேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். 'இங்கிலாந்து சென்றார்' என்பதை எடுத்துவிடுவாராம். அதற்குப் பதில் என்ன போடுவது என்று யோசிக்கிறாராம். யோசிக்கட்டும். ஆசிரியர் அல்லவா, வசனம் சரியாக இருக்க வேண்டும்.

நோரா யோசிக்கவில்லை. ஊர் திரும்பிய கிழமையே அந்த நம்பருக்கு எடுத்துவிட்டார். நேற்றுத் தாரணி சொன்னாள். மறுமுனையில் அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாராம். "உங்கள் கணவர் கையெழுத்துப் போட்டபோது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்போதே தெரியும்."

திட்டவில்லையாம். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாராம். "என் தாயின் கல்லறை எங்கே?"

நோரா கணவனைக் கேட்டார். அந்தப் பங்கின் வரலாறு முழுக்க எழுதிய மனுஷருக்கு அது தெரியவில்லை. இப்போது நோராவும் அந்தப் பெண்ணும் சிவப்புக் காரில் சேர்ந்து தேடித் திரிகிறார்கள்.

வம்சாவளி எழுதும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: பேரைப் பிறகு எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கள்.